பக்குன்னு இருக்கிற இடங்கள்

'நம்ம ஊரை வரைங்க' என்று சொல்லி ஒரு பீரியட் முழுக்கக் கொடுத்தேன். 2018 ஜூன் மாதம், ஐந்தாம் வகுப்பு, அன்று வந்திருந்தவர்கள் இருபத்தாறு பேர். மணியடித்ததும் நோட்டுகளை வாங்கிப் புரட்டினால் இருபத்தாறிலும் இரண்டு மலை. மலைகளுக்கு நடுவே கதிர் நீட்டிய சூரியன். அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலு பறவை.

வேதாரண்யம் தாலுகாவில் மலை கிடையாது. பஸ் ஏறி மூன்று மணி நேரம் போனாலும் கண்ணில் படாது. எங்கள் ஸ்கூல் இருந்த ஊரில் உயரமான இடம் என்றால் வடிகால் ஆற்றின் கரை. அதைவிட உயரம் வேண்டுமென்றால் குடிதண்ணீர் டேங்க். ஊரைச் சுற்றி மாங்கொல்லை, முந்திரிக் கொல்லை, சவுக்கு, முல்லைப்பூப் பாத்திகள், தெற்கே போனால் உப்பளம். இதில் ஒன்றுகூட அந்த நோட்டுகளில் இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சின்ன வயதில் நானும் அந்த இரண்டு மலையைத்தான் வரைந்தேன். என் டீச்சர் அதற்கு 'நன்று' போட்டார்.

மறுநாள் நோட்டை மூடச் சொல்லிவிட்டு, கோலப்பொடி டப்பாவோடு எல்லாரையும் வெளியே கூட்டிப்போனேன்.

இந்த யோசனை என் சொந்தச் சரக்கில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் கொஞ்ச நாள் தொண்டராக ஓடினேன். அப்போது ஒரு கிராமத்துக்கு வந்த தொண்டு நிறுவனத்துக்காரர்கள், தெருவைக் கூட்டிப் பெருக்கச் சொல்லி, பெண்களிடம் கோலப்பொடியைக் கொடுத்து 'உங்க ஊரைப் போடுங்க' என்றார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு ஆயா உட்கார்ந்து ஒவ்வொரு கிணறாக வைத்தார். எந்தக் கிணறு கோடையில் வற்றும், எதில் யார் தண்ணீர் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்பது உட்பட எல்லாம் அந்தத் தரையில் வந்தது. பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலர் தன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். அதில் சர்வே எண்கள் இருந்தன. ஆயாவுடையதில் ஊர் இருந்தது.

முதல் வாரம் வெறும் நடைதான். ஸ்கூல் கேட்டிலிருந்து ரேஷன் கடைக்கு எத்தனை எட்டு? ஒருத்தன் 412 என்றான். குள்ளமான ஒரு பெண் 530 என்றது. 'நீ தப்பா எண்ணியிருக்கே', 'நீதான் தாண்டித் தாண்டிப் போனே' என்று பெரிய சண்டை. மறுபடி போய் இரண்டு பேரும் எண்ணினார்கள். இரண்டு பேருமே சரி. அந்தச் சண்டை தீர ஆளுக்கொரு கால், ஆனால் கடை ஒன்றுதான் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகத்தான் சங்கிலி வைத்து அளந்தார்கள் என்று சொல்லி லாம்டன் கதையைத் தொடங்கினேன். 1802-ல் பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அதற்கே 57 நாள் ஆனது. இந்தியா முழுவதையும் அளக்கும் வேலை தொடங்கியது அந்தக் கோட்டில்தான். நம் டெல்டா பக்கம் வந்தபோது ஏறிப் பார்க்க மலை இல்லாததால் கோயில் உச்சிகளில் ஏறினார். 1808-ல் அரை டன் எடையுள்ள அவருடைய கருவியைத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டித் தூக்கும்போது கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கருவியைப் பிரித்து அவரே சரிசெய்து வேலையைத் தொடர்ந்தார் என்ற பகுதியை யாரும் காதில் வாங்கவில்லை.

நடந்து எண்ணியதைத் தரையில் போடும்போது ஊர் மெல்ல வந்தது. டிரான்ஸ்பார்மர், மதகு, முனீஸ்வரன், ஐஸ்காரர் வண்டியை நிறுத்தும் இடம், கடிக்கிற நாய் இருக்கும் வீடு, கடிக்காத நாய் இருக்கும் வீடு. திரும்ப வேண்டிய இடமெல்லாம் மரம். 'புளியமரத்து முக்கு', 'ரெட்டப்பனை', 'நாவமரத்தடி'. தெருவுக்குப் பெயர்ப்பலகை இருந்தது. அதை ஒரு பிள்ளையும் சொல்லவில்லை.

ஊர் தரைக்கு வந்தாயிற்று, இனி மனசு. அந்த வருஷம் ஆசிரியர் பயிற்சியில் கொடுத்த ஒரு சார்ட் எங்கள் சுவரில் தொங்கியது: சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோப முகம், பய முகம். காலையில் வந்ததும் அவரவர் முகத்தைத் தொட வேண்டும். எல்லாரும் சிரிக்கிற முகத்தையே தொட்டார்கள். முந்தின ராத்திரி அம்மா அப்பா சண்டையில் தூங்காமல் வந்த பிள்ளையும் அதைத்தான் தொட்டது. கேள்வி என்று வந்துவிட்டால் சரியான விடை என்று ஒன்று இருக்கும் அல்லவா, அது சிரிப்புதான் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். 'எப்படியிருக்கே?' என்றால் 'நல்லாருக்கேன் டீச்சர்' என்று வகுப்பே சேர்ந்து பாடும்.

கோலப்பொடி ஊரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது நான் வேறு மாதிரி கேட்டேன். திட்டமிட்டெல்லாம் இல்லை, வாய்க்கு வந்தது. 'இதுல தனியா போவ யாருக்கு எங்க புடிக்காது?'

பதினைந்து கைகள் உயர்ந்தன.

'மதகுகிட்ட போனா பக்குங்குது டீச்சர்' என்றான் ஒருத்தன். 'மோட்டார் கொட்டாயில ஜில்லுனு இருக்கும்' என்றது இன்னொன்று. தண்ணீரின் ஜில்லா, மனசின் ஜில்லா என்று கேட்டேன். இரண்டும்தான் என்றது. மகிழ்ச்சி, அச்சம், வெறுப்பு என்று சார்ட்டில் அச்சடித்த சொற்களை விட்டுவிட்டு, பிள்ளைகள் வாயில் கிடந்த சொற்களையே எடுத்துக்கொண்டோம்: பக்கு, ஜில்லு, சுருக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டை. பக்குன்னு இருக்கிற இடத்தில் புளியங்கொட்டை. ஜில்லுன்னு இருந்தால் வேப்பங்கொட்டை. அந்த மாதத்தில் அது ஸ்கூல் வாசலிலேயே கொட்டிக் கிடக்கும். மனசு சுருக்கென்கிற இடத்துக்கு முந்திரிக்கொட்டை. பச்சை முந்திரியை உரித்தால் அதன் பால் பட்டுக் கை வெந்துபோகும் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

குளத்துக்கு வந்தபோது ஒரு பையன் புளியங்கொட்டையை வைத்தான், எடுத்தான், வேப்பங்கொட்டையை வைத்தான், அதையும் எடுத்தான். அவன் அண்ணன் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த குளம் அது. இரண்டையும் சேர்த்து வைக்கலாமா என்றான். வைக்கலாம் என்றேன். 'ரெண்டா இல்ல டீச்சர், ஒண்ணுதான்' என்று டப்பாவைக் கிளறி, அதில் எப்படியோ கிடந்த ஒரு குன்றிமணியை எடுத்தான். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு. நாலாவது சொல்லுக்குப் பெயரே வைக்கவில்லை; குன்றிமணி என்றே ஆகிவிட்டது. (அது விஷக்கொட்டை. வேலை முடிந்ததும் எண்ணி வாங்கி டப்பாவில் பூட்டுவேன்.)

ஒரு விதி போட்டோம்: யாரும் யாரையும் 'ஏன் அங்க வச்சே' என்று கேட்கக் கூடாது. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். இந்த விதி எனக்கும் சேர்த்து. அதைக் காப்பாற்றுவதில் எனக்குத்தான் அதிகச் சிரமம். ரேஷன் கடை வாசலில் ஒரு பையன் நாள் தவறாமல் முந்திரிக்கொட்டை வைப்பான். என்ன நடந்தது அங்கே? இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில கொட்டைகளுக்குக் கேள்வியே தேவையில்லை. ஸ்கூலுக்குப் பின்னால் இருந்த கழிப்பறையில் ஆறு பெண் பிள்ளைகள் ஆளுக்கொரு முந்திரிக்கொட்டையை வைத்துவிட்டு, மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போய்ப் பார்த்தேன். உள்தாழ்ப்பாள் பிய்ந்து கிடந்தது. மூன்று வருஷமாக நான் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர்களுக்குத் தனிக் கழிப்பறை, அதற்கு நல்ல தாழ்ப்பாள். புதுத் தாழ்ப்பாளுக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய் ஆனது. மறுவாரம் அந்த இடத்தில் கொட்டையே இல்லை.

இன்னொரு நாள் ஒரு பெண் எதையும் வைக்காமல் கொட்டைகளைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றது. 'வைக்கலையா?' என்றேன்.

'எங்க தெரு எங்க டீச்சர் இருக்கு?'

கீழே பார்த்தேன். கிழக்கே மெயின் ரோட்டோடு ஊர் முடிந்திருந்தது. அந்த ரோட்டுக்கு அந்தாண்டதான் அவர்கள் தெரு, ஐம்பது வீட்டுக்குமேல். வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் அங்கிருந்து வந்தார்கள். முதல் நாள் வெளிக்கோட்டைப் போட்டது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லலாம்; அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் வேண்டுமென்று செய்யாமலேயே கை அந்த ரோட்டில் போய் நின்றுவிட்டது. ஊர்த்தெருப் பிள்ளைகள் யாருக்கும் அங்கே வெற்றிடம் இருப்பதாகவே தோன்றவில்லை. 'நீ போடு' என்று டப்பாவை நீட்டினேன். நான் நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து என்னை நகரச் சொல்லிவிட்டு, அது நிதானமாகக் குனிந்து தன் தெருவைப் போட்டது. பைப்பு, மாரியம்மன், வேப்பமரம், தாத்தாவின் கட்டில். போட்டு முடித்ததும் மூன்று வேப்பங்கொட்டை. அப்புறம் ரோட்டைத் தாண்டி ஊருக்குள் வந்து, பெரிய காரைவீடு ஒன்றின் வாசலில் ஒரு முந்திரிக்கொட்டை. மற்ற ஏழு பேரில் நாலு பேர் வரிசையாக வந்து அதே வாசலில் வைத்தார்கள். அந்த வீட்டுப் பேரன் எங்கள் வகுப்பில்தான் படித்தான். அவன் அந்தக் கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். விதி இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. விதி இல்லாமல் இருந்திருந்தால் நல்லதா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

ஓய்வுபெற்ற பிறகுதான் கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்கர் பற்றிப் படித்தேன். நகரவாசிகளைத் தங்கள் ஊரை நினைவிலிருந்து வரையச் சொல்லி, 1960-ல் ஒரு புத்தகம் போட்டவர். மனிதர் மனசில் இருக்கும் ஊரை அவர் ஐந்தாகப் பிரிக்கிறார்: பாதை, ஓரம், பகுதி, சந்தி, அடையாளம். ஓரம் என்ற சொல்லைப் படித்தபோது அந்தப் பெண் நின்ற நிலைதான் கண்ணுக்கு வந்தது. ரோஜர் ஹார்ட் என்று இன்னொருவர், வெர்மான்ட் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் பிள்ளைகள் எவ்வளவு தூரம் தனியாகப் போகிறார்கள் என்று எழுபதுகளில் பின்தொடர்ந்து பார்த்தார். பையன்களைவிடப் பெண்களுக்கு எல்லை சின்னது என்று கண்டார். எங்கள் தரையில் அதை எட்டுக் கணக்கில் பார்த்தோம். பையன்கள் ஆற்றங்கரை வரை எண்ணி வந்தார்கள். பெண்கள் கடை, பைப்பு, கோயில், வீடு. 'அதுக்கு மேல போவக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிருக்கு.'

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் பெற்றோர் கூட்டம் வந்தது. வேலை நன்றாக வந்திருந்தது, நாலு பேர் பார்க்கட்டும் என்ற ஆசை எனக்கு. கோலப்பொடி ஊரைப் பெரிய சார்ட்டில் எடுத்து வரையச் சொல்லி, கொட்டைகளைப் பசை போட்டு ஒட்ட வைத்து, வராண்டாச் சுவரில் மாட்டினேன். ஓரத்தில் அழகாகக் குறிப்பு வேறு: புளியங்கொட்டை என்றால் பயம், முந்திரிக்கொட்டை என்றால் மனவருத்தம். பெயர் எழுதவில்லையே, யாருடையது என்று யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அறுபது எழுபது வீடு உள்ள தெருவில் எந்த வீடு யாருடையது என்று தெரியாமலா போகும்? ஒரு வீட்டின் மேல் புளியங்கொட்டை இருந்தது. அந்த வீட்டுக்காரர் வந்தார், பார்த்தார், சிரித்துக்கொண்டே 'நம்ம வூடு பயமா இருக்காமே' என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அவர் பெண் எப்போதும் ஜன்னலோரம் உட்காரும் பிள்ளை. நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தபோது முழுக்கை சட்டை போட்டிருந்தது.

தலைமையாசிரியையும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம், பேசினோம், பிள்ளையின் அம்மாவுடைய தம்பியை வரவழைத்தோம். அது தனிக்கதை, அந்தப் பிள்ளையின் கதை, என்னுடையதில்லை. சார்ட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். கொட்டை ஒட்டிய இடமெல்லாம் சடசடவென்று வெடித்தது. அன்றிலிருந்து தரையைத் தவிர வேறெங்கும் ஊரைப் போடவில்லை. நாலு மணிக்குக் கொட்டைகளைப் பொறுக்கியதும் யாராவது ஒரு பிள்ளை துடைப்பத்தை எடுத்து ஊரைக் கூட்டித் தள்ளிவிடும். கோலம் போட்டவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எனக்குத்தான் தாமதமாக எட்டியது.

நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அந்த ராத்திரியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் வேதாரண்யத்தில் என் வீட்டில் இருந்தேன். கதவுக்கு மேஜையை அண்டக் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன் என்பதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. விடிந்து கதவைத் திறந்தபோது தெரிந்தது வெளிச்சம். அவ்வளவு வெளிச்சத்தை எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை. நிழல் போட எதுவும் மிச்சமில்லை.

ஸ்கூல் முகாமாக இருந்தது. பத்து நாள் கழித்து அரிசி மூட்டை ஏற்றிவந்த வேனில் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மின்கம்பம் நட வெளிமாவட்டத்திலிருந்து வந்திருந்த லைன்மேன் ஒருவர், கோயம்புத்தூர்ப் பேச்சு, என் வகுப்புப் பையன் ஒருவனிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார். இவன் கையை நீட்டி, 'நேராப் போயி புளியமரத்து முக்குல திரும்புங்க' என்றான்.

'மரம் எங்கடா தம்பி இருக்குது?' என்றார் அவர், சுற்றிலும் பார்த்து.

பையனும் திரும்பிப் பார்த்தான். அதைத் தினமும் தாண்டிப் போய்வருகிறவன்தான். அந்த நிமிஷம்தான் அவனுக்கும் தெரிந்ததுபோல நின்றான். பிறகு, 'நா கூட வரேன் வாங்க' என்று அவருக்கு முன்னால் நடந்தான்.

டிசம்பரில் வகுப்பு தொடங்கியதும் பாடம் நடத்த முயன்று தோற்றேன். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் பாதி வகுப்பு வாசலைப் பார்க்கும். 'பயமா இருக்கா?' என்றால் 'இல்ல டீச்சர்.' ஆறுதல் சொல்ல வந்த வெளியூர்க்காரர்கள் வண்ணப் பென்சில் கொடுத்து, புயலை வரையச் சொன்னார்கள். ஒரு பிள்ளை வரைந்ததைப் பார்த்தேன்: இரண்டு மலை, நடுவில் சூரியன்.

கோலப்பொடியை எடுத்தேன்.

முதல் தகராறு புளியமரத்தால் வந்தது. விழுந்த மரத்தைப் போடுவதா, வேண்டாமா? 'இப்ப இல்லாததைப் போடக் கூடாது' என்றது ஒரு கட்சி. 'அது எங்கயும் போவல, படுத்துக் கெடக்கு' என்றது இன்னொரு கட்சி. கடைசியில் நிற்கிற மரத்துக்குப் புள்ளி, படுத்த மரத்துக்குக் கோடு என்று முடிவானது. போட்டுப் பார்த்தால் தரை முழுக்கக் கோடு, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. காற்று எந்தத் திசையில் வந்தது என்று நான் பாடமே எடுக்க வேண்டியிருக்கவில்லை. எட்டுக் கணக்கும் மாறியிருந்தது. 412 எட்டு ரேஷன் கடை இப்போது 600-க்குமேல். கிடக்கிற மரங்களைச் சுற்றிப் போக வேண்டும்.

'அன்னிக்கு ராத்திரி யாரு எங்க இருந்தீங்க?' என்று மட்டும் கேட்டேன். எங்கே என்றால் பேச்சு வருகிறது. கட்டிலுக்கு அடியில். மாட்டுக் கொட்டாயில். ஸ்கூல்ல, நாலாங்கிளாஸ் ரூம்ல, எழுபது பேரு. சொல்லிக்கொண்டே கொட்டை வைத்தார்கள். ஸ்கூல் கட்டடத்தின் மேல் வேப்பங்கொட்டையும் புளியங்கொட்டையும் குவிந்தன. தன் தெருவைப் போட்ட பெண் ரோட்டைத் தாண்டி வந்து, அந்தக் காரைவீட்டில் ஒரு குன்றிமணியை வைத்தது. வாசலில் இல்லை, வீட்டுக்குள்ளே.

'கூரை பிச்சுக்கிட்டுப் போனதும் இங்கதான் ஓடியாந்தோம். உள்ள வரச் சொன்னாங்க. டீ குடுத்தாங்க, வூட்டு டம்ளர்ல' என்றது. கொஞ்சம் நிறுத்தி, 'இப்ப மறுபடி பழைய மாரிதான்' என்று சொல்லிவிட்டுக் குன்றிமணியைக் கறுப்புப் பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்தது. பேரன் குனிந்து, தன் வீட்டுக் கொல்லைப்பக்கம் எதையோ வைத்தான். என்ன கொட்டை என்று நான் பார்க்கவில்லை.

மணி மூன்றரை இருக்கும். குளத்துப் பையன் டப்பாவை என்னிடம் நீட்டினான்.

'டீச்சர், நீங்க ஒரு தடவகூட வச்சதில்லையே.'

ஜூனிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இது ஊரில்லை, பஸ்ஸில் வந்து போகிறவள்தானே என்று தட்டிக்கழித்து வந்தேன். டப்பாவைக் கிளறி ஒரு முந்திரிக்கொட்டையை எடுத்தேன். குனிவதற்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஒரு பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஸ்கூல் வராண்டாவில், ஆகஸ்டில் அந்தச் சார்ட்டை மாட்டியிருந்த சுவரோரம் அதை வைத்தேன்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஜன்னலோரத்துப் பெண் மட்டும் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தது. மணியடித்ததும் கொட்டைகளைப் பொறுக்கிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக் கிழக்கிலிருந்து கூட்டத் தொடங்கியது.